பல்லடத்துக்கு வந்த கடல்

கிளிஞ்சலின் மேல் ஒரு சொட்டு ஆசிட் விட்டு, அது நுரைத்துப் பொங்கினால் புதைபடிவம் என்று எங்கள் பழைய அலுவலகத்தில் யாரோ இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்களாம். இப்போது அங்கே வேலை பார்க்கும் வித்யா போன மாதம் போனில் சிரித்துச் சிரித்து இதைச் சொன்னாள். "எந்தப் புத்திசாலிங்க சார் இதை ஆரம்பிச்சு வெச்சது? உங்க காலத்து ஆளாத்தான் இருக்கோணும். அதைப் பத்தி எழுதிக் குடுங்க, புதுசா வந்தவங்களுக்குப் படிச்சுக் காட்டறோம்" என்றாள். அந்தப் புத்திசாலி நான்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எழுதும்போது அந்த வெட்கம் கொஞ்சம் குறைகிறது.

கல்லையும் மண்ணையும் பரிசோதித்துச் சொல்லும் சின்ன அலுவலகம் அது. கோயம்புத்தூரில் ஒரு மரக்கடையின் மாடியில் மூன்று அறைகள். முறையான பெயர் ஒன்றரை வரி நீளம் இருக்கும். ஊர்க்காரர்களுக்கு அது 'கல்லாபீஸ்'. கிணறு வெட்டுகிறவர், வீடு கட்டுகிறவர், பாறை உடைக்கிறவர் எல்லாரும் வருவார்கள். நான் கல்லூரியில் மண்ணியல் படித்தேன். அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புச் சுரங்கத்தில் இரண்டு வருடம் வெயிலில் காய்ந்தேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சொந்த ஊருக்கே வந்து கல்லாபீஸில் உட்கார்ந்தேன். என் பயிற்சிக் காலம் மொத்தமும் இவ்வளவுதான். அரியலூரில் கீழே குனிந்தாலே கல்லாகிப்போன சிப்பி கையில் தட்டுப்படும். அந்தப் பழக்கத்தோடு கொங்கு நாட்டுக்கு வந்ததுதான் வினை. எதைப் பார்த்தாலும் எனக்குக் கோடி வருடமாகத் தெரிந்தது.

எங்கள் மேலதிகாரி ஜமீலா மேடம். உக்கடத்துக்காரர், நல்ல உயரம், மூக்குக்கண்ணாடி கழுத்தில் ஒரு கயிற்றில் தொங்கும். எதைக் கொண்டுவந்து கொடுத்தாலும் முதலில் முகர்ந்து பார்ப்பார். கல்லை முகர்வார், மண்ணை முகர்வார், நான் எழுதிய அறிக்கையைக்கூட ஒருநாள் முகர்ந்துவிட்டு, "பொய் வாசம் அடிக்குது ரங்கராஜ்" என்று திருப்பித் தந்திருக்கிறார்.

அவர் வைத்திருந்த முறை வேறெங்கும் நான் பார்க்காதது. யார் எதைக் கொண்டுவந்தாலும் ஒரு சீட்டு எழுத வேண்டும். சீட்டின் முதல் வரியில் மையால் 'தெரியாது' என்று எழுத வேண்டும். எங்கே கிடைத்தது, எத்தனை அடி ஆழம், அந்த இடத்தில் முன்னால் என்ன இருந்தது என்ற மூன்று கேள்விக்கும் பதில் எழுதிய பிறகுதான் பொருளைக் கையில் தொடலாம். தொட்டதும் உள்ளங்கையில் எடை பார்க்க வேண்டும், கல்லானது கனக்கும். பிறகு லென்ஸ். சிப்பியின் வயிற்றுக்குள் அடைத்திருப்பது உதிரி மண்ணா, இறுகிய கல்லா என்று பார்க்க வேண்டும். பிறகு சாராய விளக்கில் ஒரு துண்டைச் சுட வேண்டும். நேற்றோ போன வருடமோ செத்த பிராணியின் ஓடு என்றால் தலைமுடி கருகும் நாற்றம் வரும். கோடி வருடமாகக் கிடந்ததில் நாற்றமடிக்க ஒன்றும் மிச்சமிருக்காது. எல்லாம் முடிந்து விடை தெரிந்தால் 'தெரியாது' என்பதை ஒரே கோடாக அடிக்கலாம். தெரியாவிட்டால் அதுவே அறிக்கை, கீழே மேடத்தின் கையெழுத்தோடு.

இந்த முறையின் அருமை எனக்குப் புரிந்திருக்க வேண்டிய நாள் ஒன்று முன்னாலேயே வந்தது. சரவணம்பட்டியில் வீடு கட்டிக்கொண்டிருந்த ஒருவர் வேட்டி மடி நிறையச் சிப்பிகளோடு வந்தார். அவர் மனையில் கடல் இருந்ததாம், மியூசியம் வைக்கப் போகிறாராம். "சிப்பி எங்க கெடந்துச்சுங்க?" என்று மேடம் கேட்டார். "மணல் குமிச்ச எடத்துலங்க." "மணல் எங்கிருந்து வந்துச்சுங்க?" "லாரிலீங்க." "லாரி எங்கிருந்து வந்துச்சுங்க?" அவர் கொஞ்சம் யோசித்தார். "கரூர் ஆத்துலிருந்துங்க" என்றார். பிறகு மடியை அவிழ்த்து எல்லாவற்றையும் எங்கள் குப்பைக் கூடையில் அவரே கொட்டிவிட்டுப் போனார். அன்றைக்கு நான் அவரைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தேன். அந்தச் சிரிப்புக்கு வட்டியோடு வாங்கிக் கட்டிக்கொண்ட கதையைத்தான் சொல்ல வருகிறேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை. மேடம் கூட்டம் ஒன்றுக்காகச் சென்னை போயிருந்தார். அலுவலகத்தில் நான்தான் ராஜா. பத்து மணிக்கு இரண்டு பெரியவர்கள் ஒன்றாகப் படியேறி வந்தார்கள். ஒருவர் பல்லடத்துக்குப் பக்கத்தில் தோட்டம் வைத்திருக்கும் நாட்ராயன். இன்னொருவர் தொண்டாமுத்தூர் ஆறுமுகம் வாத்தியார். ஏழாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறவர். இருவருக்கும் நடுவில் ஒரு மஞ்சள் பை. அதை இரண்டு பேருமே ஆளுக்கொரு காதைப் பிடித்துத் தூக்கி வந்தார்கள். ஒருவரை நம்பி மற்றவர் விடத் தயாராக இல்லை.

பேசியது வாத்தியார்தான். அவர் மகள் கோகிலாவுக்கும் நாட்ராயன் மகன் செந்திலுக்கும் சம்பந்தம் பேசியிருக்கிறார்கள். ஜாதகம் பொருந்திவிட்டது. பையனும் பெண்ணும் கோயிலில் பார்த்துப் பேசிப் பிடித்துப்போய்விட்டது. பெண் வீட்டார் தோட்டம் பார்க்கப் போன இடத்தில்தான் சிக்கல். எங்கள் பக்கத்தில் பெண் கொடுப்பவர்கள் மாப்பிள்ளை முகத்தைப் பார்ப்பதற்குச் சமமாகக் கிணற்றைப் பார்ப்பார்கள். பழைய கிணறு வற்றிப்போய், நாட்ராயன் புதிதாக ஒன்று வெட்டிக்கொண்டிருந்தார். ஏழெட்டு அடிதான் இறங்கியிருந்தது. வெளியே அள்ளிப் போட்ட மண்ணில் வெள்ளை வெள்ளையாகக் கிளிஞ்சல்.

"இதென்னங்கன்னு கேட்டனுங்க. ஆதி காலத்துல இங்க கடல் இருந்துச்சுங்கன்னு இவருதான் சொன்னாருங்க" என்று வாத்தியார் நாட்ராயனைக் காட்டினார். "கடல் இருந்த பூமின்னா அடியில உப்புத் தண்ணிதானுங்களே வரும்? எங்கூரு நல்ல தண்ணியக் குடிச்சு வளந்த புள்ளைங்க. ஆயுசுக்கும் உப்புத் தண்ணி குடிக்கறதுக்கா நான் பெத்து வளத்தேன்? நீங்க பாத்துச் சொல்லிப்போடுங்க. கடல் இல்லைன்னா கல்யாணம். கடல்னா நான் இப்பவே பஸ் ஏறிக்கறனுங்க."

நாட்ராயன் என்னைப் பார்த்த பார்வையில் ஒரு கெஞ்சல் இருந்தது. அது எனக்கு இன்றைக்குப் புரிகிறது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் பையிலிருந்து மேசையில் கொட்டிய கடல் சிப்பிகள் மட்டும்தான். ஆற்றுச் சிப்பி இல்லை, சுத்தமான கடல் சிப்பி! பல்லடத்தில்! ஏழடி ஆழத்தில்! போதாக்குறைக்கு நடுவே விரல் நீளத்தில் மெல்லிய எலும்புகள் வேறு. கடற்பறவை என்று முடிவு கட்டிவிட்டேன். எனக்குத் தலை கிறுகிறுத்தது. செய்தித்தாளில் என் படம் எந்தப் பக்கத்தில் வரும் என்பது வரைக்கும் மனசு ஓடிவிட்டது. சீட்டாவது, தெரியாதாவது! ஆசிட் பாட்டிலை எடுத்தேன், ஒரு சொட்டு விட்டேன். புஸ்ஸென்று நுரைத்தது.

"பாருங்க, எப்படிப் பொங்குது! புதைபடிவமேதான். கடல் இருந்திருக்குதுங்க!" என்று நாற்காலியை விட்டு எழுந்தே கத்தினேன்.

வாத்தியார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். நாட்ராயன் எழவில்லை. "ஏனுங்க சார், நல்லாப் பாத்தீங்களா? நெசமாலுமே கடலுங்களா?" என்று கேட்டார். கடல் இருந்தது என்று சொன்னவரே ஏன் இப்படி அதிர்ந்துபோகிறார் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஆனால் என் சந்தோஷத்தில் அதை அப்படியே விட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை மேடம் வந்தார். வாசலிலேயே மறித்துச் சொன்னேன். அவர் மேசைக்குப் போய்க் கிளிஞ்சல்களை முகர்ந்தார், லென்ஸ் வைத்துப் பார்த்தார். "சீட்டு எங்கப்பா?" என்றார். இல்லை. "அந்த எடத்துல முன்னாடி என்ன இருந்துச்சு?" கேட்கவில்லை. "சுட்டுப் பாத்தியா?" இல்லை. "பின்ன எதை வெச்சுச் சொன்னே?" ஆசிட் பொங்கியது என்றேன்.

"ஆசிட் ஊத்துனா உன்ற ஊட்டுச் செவுத்துச் சுண்ணாம்பும் பொங்கும். முட்டை ஓடும் பொங்கும். சுண்ணாம்புச் சத்து இருக்குதுன்னுதானப்பா அதுக்கு அர்த்தம்? எத்தன வருசமாச்சுன்னு ஆசிட் சொல்லுமா?" அவர் குரலை உயர்த்தவில்லை. ஒரு துண்டை விளக்கில் காட்டினார். அறை முழுக்க முடி கருகும் நாற்றம் எழுந்தது. என் படம், செய்தித்தாள், கடற்பறவை எல்லாம் அந்தப் புகையோடு ஜன்னல் வழியாகப் போயின.

பிறகு அவர் சொன்னதுதான் என்னை உண்மையில் சுட்டது. "ஒரு புள்ளையோட கல்யாணத்தை நிறுத்திப்போட்டியேப்பா."

மேடமே வாத்தியாரின் பள்ளிக்கூடத்துக்குப் போன் செய்தார். ஞாயிற்றுக்கிழமை பல்லடம் தோட்டத்தில், கிணற்று மேட்டிலேயே எல்லாருக்கும் முன்னால் திருத்திச் சொல்வதாக ஏற்பாடு. தப்பாகச் சொன்ன வாயே சரியாகவும் சொல்ல வேண்டும் என்று என்னையும் கூட்டிப்போனார். பஸ்ஸில் வழிநெடுகத் தறிச் சத்தம். நான் சொல்ல வேண்டிய இரண்டு வரியை மனப்பாடம் செய்துகொண்டே போனேன்.

தோட்டத்தில் நாட்ராயன், அவர் மகன் செந்தில், வாத்தியார் மூவரும் நின்றிருந்தார்கள். செந்தில் ஒல்லியான பையன், இருபத்தாறு வயதிருக்கும், தலையை நிமிர்த்தவே இல்லை. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "நான் அவசரப்பட்டுச் சொல்லிப்போட்டேனுங்க. இது புதைபடிவம் இல்லீங்க. மன்னிச்சுக்கோணும்" என்றேன். வாத்தியார் கையைக் கட்டிக்கொண்டு மேடத்தைப் பார்த்தார். வாத்தியார்கள் திருத்திய விடைத்தாளை அவ்வளவு சுலபமாக நம்ப மாட்டார்கள்.

மேடம் மண்மேட்டில் குத்தவைத்து உட்கார்ந்தார். ஒரு கைப்பிடி கிளிஞ்சலை அள்ளி வாத்தியாரின் உள்ளங்கையில் கொட்டினார். "வாத்தியாரே, நல்லாப் பாருங்க. முழுச் சிப்பி நாலஞ்சுதான் இருக்குது. மத்ததெல்லாம் துண்டு. எல்லாத் துண்டும் மொச்சைக்கொட்டை அளவு. பெரிசும் இல்லை, பொடிசும் இல்லை. கடல் இப்படி ஒரே அளவா ஒடச்சுப் போடுமுங்களா? இது சல்லடைல சலிச்சதுங்க."

பிறகு கிணற்றின் ஓரத்துக்குக் கூட்டிப்போய்க் காட்டினார். நான்கு சுவரில் ஒரு பக்கத்தில் மட்டும்தான் கிளிஞ்சல் இருந்தது, ஒரு குழியின் வடிவத்தில். மற்ற மூன்று பக்கமும் செம்மண், கீழே பாறை. "இந்தப் பூமி கருங்கல் பூமிங்க. பாறை சூட்டுல வெந்து உருவானது. இதுக்குள்ள எந்தச் சிப்பியும் மிஞ்சியிருக்காதுங்க. இங்க கடல் வரலை, கிளிஞ்சல்தான் வந்திருக்குது. யாரோ குழி தோண்டிப் பொதச்சிருக்காங்க." அவர் கையை உதறிக்கொண்டு எழுந்தார். "நாட்ராயன், இந்த எடத்துல முன்னாடி என்ன இருந்துச்சுங்க?"

"சோளமுங்க" என்றார் நாட்ராயன்.

"அதுக்கு முன்னாடி?"

"அதுக்கு முன்னாடியும் சோளமுங்க" என்றார். நெற்றி முழுக்க வியர்வை.

செந்தில் முதல் தடவையாகத் தலையை நிமிர்த்தினான். "கோழிங்க" என்றான்.

"டேய்!" என்றார் அப்பா.

"போதுமுங்கப்பா. சொல்லிப்போடறேன்." அவன் வாத்தியாரைப் பார்த்துத் திரும்பினான். "மூணு வருசத்துக்கு முன்னாடி நான் முட்டைக்கோழிப் பண்ணை போட்டனுங்க. ரெண்டாயிரம் கோழிங்க. முட்டை ஓடு கெட்டியா வாரதுக்குத் தீவனத்துல கடல் கிளிஞ்சல் கலந்து போடோணுமுங்க. வெள்ளைக்கழிச்சல் வந்து அஞ்சே நாள்ல அத்தனையும் போயிருச்சுங்க. கோழி, மிச்சத் தீவனம், மூட்டை மூட்டையா இருந்த கிளிஞ்சல் எல்லாத்தையும் இங்கதான் பொதச்சனுங்க. கொட்டகையப் பிரிச்சுச் சோளம் வெதச்சுட்டமுங்க. தொழில்ல தோத்த பையன்னா ஆரு பொண்ணு குடுப்பாங்கன்னு அப்பா மறைக்கச் சொல்லிட்டாருங்க."

என் கடற்பறவை கோழி! எனக்குச் சிரிப்பு வந்து வயிற்றுக்குள் முட்டியது. மேடம் என் காலை மிதித்தார்.

நாட்ராயன் அப்படியே மண்மேட்டில் உட்கார்ந்துவிட்டார். "நீரோட்டம் பாக்க வந்தவரு இந்த எடத்துலதான் புல்லு பச்சையா இருக்குது, இங்கயே வெட்டுங்கன்னுட்டாருங்க. கோழி எருவுல மொளச்ச புல்லுங்கன்னு நான் எப்படிச் சொல்றது? கிளிஞ்சல் என்னங்கன்னு வாத்தியாரு கேட்டதும் கோழி வாயில வரக்கூடாதுன்னு கடல்னு சொல்லிப்போட்டனுங்க. அது உப்புத் தண்ணில போய் நிக்குமுன்னு எனக்குத் தோணலீங்க. கல்லாபீசுல இல்லைன்னு சொல்லிப்போடுவாங்கன்னு தைரியமா வந்தேன். அங்க இந்த சார்..." என்று என்னைக் காட்டினார். நான் பக்கத்துத் தோட்டத்துத் தென்னையைப் பார்த்தேன்.

வாத்தியார் கிணற்றைச் சுற்றி ஒரு சுற்று நடந்தார். கடல் இல்லையென்று ஆகிவிட்டது. ஆனால் தோல்வியும் பொய்யும் வெளியே வந்துவிட்டன. அவர் செந்திலின் முன்னால் வந்து நின்றார்.

"அஞ்சு நாளும் நீ எங்கிருந்தே?"

"கொட்டகையிலயேதானுங்க இருந்தேன். தண்ணி காட்டிட்டு இருந்தனுங்க."

"அழுதியா?"

செந்தில் ஆமென்று தலையை ஆட்டினான். திடீரென்று வாத்தியாரின் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். சிரிப்பு! மூச்சு வாங்கச் சிரித்தார்.

"நாட்ராயன், எங்கூட்டுத் தென்னந்தோப்பப் பத்தி என்ன சொன்னனுங்க?"

"முந்நூறு மரமுன்னு சொன்னீங்க."

"இருந்துச்சுங்க. ரெண்டு வருசமா ஆனை எறங்கித் தின்னு போட்டுதுங்க. இப்ப நாப்பது நிக்குது. நீங்க தோப்புப் பாக்க வந்தப்பக் காட்டுனது என்ற பங்காளி தோப்புங்க!"

நாட்ராயன் வாயைத் திறந்தபடி அவரைப் பார்த்தார். பிறகு அவருக்கும் பற்றிக்கொண்டது. கோழியைப் புதைத்தவரும் ஆனையை மறைத்தவரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு குலுங்கினார்கள். மேடத்தின் மூக்குக்கண்ணாடி நழுவிக் கயிற்றில் ஊசலாடியது. நான் அடக்கி வைத்திருந்ததை எல்லாம் சேர்த்துச் சிரித்ததில் மண்மேட்டில் வழுக்கி உட்கார்ந்தேன். அந்த மாதிரி ஒரு சிரிப்பு என் முப்பத்தி மூன்று வருட வேலையில் வேறெந்த நாளும் வாய்க்கவில்லை.

அடங்கிய பிறகு வாத்தியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்பத் தண்ணி நல்லாத்தான் வருமுங்களா மேடம்? எழுதிக் குடுத்துப்போடுங்க" என்றார்.

"கிளிஞ்சலைப் பத்தி எழுதித் தாரேன். தண்ணியப் பத்தி எழுத மாட்டேனுங்க" என்றார் மேடம். "கருங்கல்லுலயும் சில எடத்துல உப்புக் கரிக்கும், சில எடத்துல கரிக்காது. வெட்டிப் பாத்தாத்தான் தெரியும்." வாத்தியாரின் முகம் கொஞ்சம் சுருங்கியது. ஆனாலும் செந்திலின் தோளில் வைத்த கையை அவர் எடுக்கவில்லை.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. எனக்கும் மேடத்துக்கும் முதல் பந்தியில் இலை போட்டார்கள். என்னை எல்லாரிடமும் "கடலைக் கண்டுபுடிச்ச சார்" என்று அறிமுகப்படுத்தினார் நாட்ராயன். கிணற்று வேலை நிற்கவில்லை. தை மாதம் ஒரு விடிகாலையில் அறுபது அடியில் ஊற்று உடைத்தது. அன்றைக்கே ஆள் அனுப்பி எங்களைக் கூப்பிட்டார்கள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கிணற்று மேட்டில் ஒரே கூச்சல். செந்தில் இடுப்புவரை சேறு. கோகிலா அவன் மேல் தண்ணீரை வாரி இறைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்திலும் தாவணி மாதிரி போர்த்திய துண்டிலும் மண் அப்பியிருந்தது. வாத்தியார் தொண்டாமுத்தூரிலிருந்து எங்களுக்கு முன்பே வந்து நின்றிருந்தார். நாட்ராயன் ஒரு சொம்பில் தெளிந்த தண்ணீரை மொண்டு அவர் கையில் கொடுத்தார். கூச்சல் அடங்கிவிட்டது.

வாத்தியார் ஒரு வாய் குடித்தார். தண்ணீர் தொண்டையில் ஒரு கணம் நின்றதை நான் பார்த்தேன். பிறகு விழுங்கினார்.

"எப்படிங்கப்பா இருக்குது?" என்று கோகிலா கேட்டாள்.

"தேனாட்ட இருக்குது கண்ணு."

"நானும் காத்தாலயே குடிச்சுப் பாத்தனுங்கப்பா. தேனேதான்" என்றாள் அவள்.

சொம்பு என் கைக்கு வந்தது. குடித்தேன். உப்பு! நாக்கின் ஓரம் சுருங்கும் அளவுக்கு உப்பு. என் கை பழக்க தோஷத்தில் தோள்பைக்குள், பரிசோதனைக்குத் தண்ணீர் பிடிக்கும் பாட்டிலைத் தேடிப் போனது. மேடம் சொம்பை வாங்கி, அவரும் நிதானமாக ஒரு மிடறு குடித்தார். சேறும் சிரிப்புமாக நின்ற கோகிலாவைப் பார்த்தார், அவள் அப்பாவைப் பார்த்தார், கடைசியில் என் கையைப் பார்த்தார்.

"பையை மூடுப்பா" என்றார்.